தறியை விற்றுக் கப்பலேறிய வீடு

கொங்கு நாட்டில் ஒருவரிடம் அவர் குடும்பத்தின் பூர்வீகத்தைக் கேட்டால் பேச்சு குலத்தில் தொடங்கும். காணியூர், குலதெய்வம், கோயிலில் கிடைக்கும் முதல் மரியாதை, முப்பாட்டன் பெயர் என்று வளர்ந்து, யாரோ ஒருவர் பாளையக்காரரிடம் பட்டம் வாங்கியதில் நிற்கும். அந்த முப்பாட்டனுக்கு எவ்வளவு கடன் இருந்தது, தாது வருஷப் பஞ்சத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள், முப்பாட்டி என்ன வேலை செய்து குழந்தைகளைக் காப்பாற்றினாள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. குடும்பம் பிழைத்து வந்த கதை இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அவிநாசி, சேவூர், புஞ்சைப் புளியம்பட்டி வட்டாரத்து நெசவுக் குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் கொங்கு மண்ணில் முறைப்படி கேட்டு எழுதிவைத்தவர்கள் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள். ஒருவர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்ற ஊரில் பிறந்தவர். 1783இல் இந்தியா வந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவருடைய முதன்மை உதவியாளர்களான காவலி சகோதரர்களும் அவர்களுக்குக் கீழே வேலை செய்த உள்ளூர் உதவியாளர்களும் அவருக்காக ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த சுவடிகளில் பாளையப்பட்டுகளின் வம்சாவளிகளும் உண்டு. யாருக்கு யார் மகன், எந்த அரசன் எந்த ஊரைக் கொடுத்தான் என்பவை அவற்றின் பொருள். இன்றும் நம் குல வரலாற்று நூல்கள் போகும் தடம் அதுதான்.

இன்னொருவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நாட்டை அறிந்துவரக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அனுப்பியது. 1800இல் கொங்குப் பகுதி வழியாகவும் பயணம் செய்தார். பயண நூல் 1807இல் வெளிவந்தது. அவர் போகுமிடமெல்லாம் கேட்டது வேறு: என்ன பயிர், கிணறு வெட்ட என்ன செலவு, தறிக்கு என்ன வரி, நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பது யார், கைக்கு வருவது எவ்வளவு. கம்பெனியின் வருமானக் கணக்குக்காகக் கேட்ட கேள்விகள்தான் அவை. அந்த நோக்கத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஓர் எளிய வீட்டுக்குள் நுழைய அவர் வழியே ஏற்றது. பட்டம் வாங்காத வீட்டுக்கு மெக்கன்சியின் ஏடுகளில் இடமில்லை. தறி வைத்திருந்த வீட்டுக்குப் புக்கானன் ஏட்டில் இடம் உண்டு.

புக்கானன் வழியில் ஒரு குடும்பத்தை முழுதாகப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அதற்கு ஆவணங்கள் நிறைந்த ஒரு நெசவு வீடு வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன வில்லியம் கார்னகி, மார்கரெட் மாரிசன் தம்பதியின் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். மூத்த மகன் ஆண்ட்ரூ பின்னாளில் எஃகு முதலாளியாகி உலகப் புகழ் பெற்றதால்தான் அந்த வீட்டின் சின்னச் சின்னச் செய்திகள்கூட மிஞ்சின. அவன் புகழை ஒதுக்கிவைத்து வீட்டை மட்டும் பார்க்க முடியுமா என்பதே இங்கே சோதனை.

டன்பர்ம்லின் பூவேலை லினன் மேசைவிரிப்புக்குப் பேர்போன ஊர். மூடி தெருவில் இருந்த அந்த வீட்டில் கீழே தறி, மேலே குடித்தனம். 1835 நவம்பர் 25 அன்று ஆண்ட்ரூ அங்கே பிறந்தான். தந்தைவழித் தாத்தாவின் பெயர் ஆண்ட்ரூ. 1843இல் பிறந்த இளையவனுக்கு டாம் என்று தாய்வழித் தாத்தா தாமஸ் மாரிசனின் பெயர். மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது ஸ்காட்லாந்து வழக்கம். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவே பிறந்த பெண் குழந்தை ஆன் சிசுவாகவே இறந்துபோனாள்.

தாமஸ் மாரிசன் செருப்புத் தைப்பவர்; ஊரறிந்த அரசியல் பேச்சாளர். தொழிலாளிக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கம் அந்தக் குடும்பத்தின் மூச்சாக இருந்தது. வில்லியமும் அதில் பேசினார். சக நெசவாளிகளோடு சேர்ந்து, இருந்த புத்தகங்களைத் திரட்டி அந்த ஊரின் முதல் சுற்று நூலகத்தைத் தொடங்கியவர்களில் தந்தையும் ஒருவர் என்று மகன் பிற்காலத்தில் பெருமையோடு எழுதினார்.

1840களில் நீராவித் தறி வந்தது. கைத்தறிக்கு வேலை குறைந்துகொண்டே போய், ஒருநாள் வில்லியம் இனி வேலை இல்லை என்று வீட்டில் வந்து சொன்னார். இந்த இடத்தில்தான் வீட்டின் பாரம் கைமாறுகிறது. மார்கரெட் வீட்டோடு ஒரு சிறு கடை போட்டு, காய்கறியும் மிட்டாயும் விற்றார்; இரவில் செருப்புத் தைத்தார். அப்பா வீட்டில் கற்ற தொழில் அது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு எதிர்க்கரையில் அலகேனி என்ற ஊரில் அவருடைய சகோதரிகள் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். போகலாம் என்ற முடிவுக்கு உந்தியவரும் அவரே.

தறிகளையும் வீட்டுச் சாமான்களையும் ஏலம் விட்டார்கள். மதிப்பிழந்த தொழிலின் கருவிக்கு என்ன விலை கிடைக்கும்? கப்பல் கூலிக்கு எட்டவில்லை. மார்கரெட்டின் தோழி ஹென்டர்சன் அம்மையார் 20 பவுன் கடன் கொடுத்தார். 1848இல் கிளாஸ்கோவிலிருந்து ‘விஸ்கேசட்’ என்ற பாய்க்கப்பலில் நால்வரும் ஏறினார்கள். நியூயார்க் போய்ச்சேர ஏறத்தாழ 7 வாரம். அங்கிருந்து கால்வாயும் ஏரியும் ஆறுமாகப் பிட்ஸ்பர்க் சேர இன்னும் 3 வாரம். ஆண்ட்ரூவுக்கு அப்போது 12 வயது.

அலகேனியில் ரெபெக்கா தெருவில் உறவினர் வீட்டின் பின்கட்டில் மாடியில் இரண்டு அறை. வில்லியம் அங்கேயும் தறியைத்தான் தேடிப் பிடித்தார். மேசைவிரிப்பு நெய்து தானே சுமந்துபோய் வீடு வீடாக விற்றார். போதவில்லை. பருத்தி ஆலைக்குள் போனார். அதே ஆலையில் மகன் வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு நூற்கண்டுப் பையனாகச் சேர்ந்தான். ஆலை வேலை வில்லியமுக்கு ஒத்துவரவில்லை. மறுபடியும் தறிக்கே திரும்பினார். பக்கத்து வீட்டு செருப்புக் கடைக்காரர் பிப்ஸ் கொடுத்த வேலையில் வீட்டில் உட்கார்ந்தே மார்கரெட் வாரத்துக்கு 4 டாலர் சம்பாதித்தார். அவர் காலடியில் உட்கார்ந்து சின்னவன் டாம் ஊசியில் நூல் கோத்து, நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுப்பான். சமையல், துணி துவைப்பது எல்லாம் இதற்கு மேலே. 4 டாலரையும் 1 டாலர் 20 சென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் அந்த வீடு நின்றது யார் கையில் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அந்த வீட்டின் வரலாற்றில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது கடன் அடைத்த கதை. அரை டாலர் வெள்ளி நாணயம் கைக்கு வரும்போதெல்லாம் அதைத் தனியாக எடுத்துவைத்தார்கள். 200 நாணயம் சேர்ந்ததும் 20 பவுனுக்கு வரைவோலை வாங்கி ஹென்டர்சன் அம்மையாருக்கு அனுப்பினார்கள். கண்டம் தாண்டிப் போன ஒரு நெசவுக் குடும்பத்தின் பல ஆண்டுப் பட்டினியும் மானமும் அந்த 200 நாணயத்தில் அடங்கியிருக்கின்றன. எஃகுக் கம்பெனியை 1901இல் 48 கோடி டாலருக்கு விற்ற செய்தி எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கு 200 அரை டாலரே பெரிய தொகை.

வில்லியம் 1855இல் இறந்தார். மகன் அப்போது தந்திப் பையன் வேலையெல்லாம் கடந்து ரயில்வே கம்பெனியில் இருந்தான். தொழிலை விட முடியாமல் தொழிலோடு தேய்ந்த அந்த மனிதரைப் பற்றி மகனின் சுயசரிதை கனிவாகத்தான் பேசுகிறது. ஆனால் வேகமாகக் கடந்துபோகிறது. அது 1920இல், ஆண்ட்ரூ இறந்த மறு ஆண்டு வெளியானது. வென்ற மகன் திரும்பிப் பார்த்து எழுதியது. ஆகவே தாய் அதில் வீராங்கனை, தந்தை நிழல். வேலை போன நெசவாளியின் கண் வழியே அந்த வீட்டை யாரும் எழுதவில்லை.

நம் ஊருக்கு வருவோம். கொங்குப் பகுதியில் நெய்தவர்கள் பல சாதியினர். அவர்களில் தேவாங்கர் வீட்டில் இன்றும் கன்னடம் பேசுகிறார்கள். சௌடேஸ்வரி அம்மனுக்குக் கத்தி போட்டு ஆடும் விழாவில் முழக்கம்கூடத் தமிழில் இல்லை. துங்கபத்திரைக் கரையிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் இறங்கி வந்தோம் என்பது அவர்கள் நினைவு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திப்புவின் வீழ்ச்சிவரை கொங்கின் பெரும்பகுதி மைசூரின் கீழ் இருந்ததையும், கஜலட்டிக் கணவாய் வழியே மைசூருக்கும் சத்தியமங்கலத்துக்கும் இருந்த போக்குவரத்தையும் பார்த்தால் அந்த நினைவு இயல்பாகப் பொருந்துகிறது. ஆக இவர்களும் குடிபெயர்ந்து வந்த நெசவுக் குடும்பங்கள்தாம். தறியோடு வந்தார்களா, வந்து தறிக்குழி வெட்டினார்களா, முதல் பாவுக்கு நூல் கொடுத்தது யார் என்ற கதைகள்தாம் போய்விட்டன. கோத்திரம் மட்டும் தங்கிவிட்டது.

மூடி தெரு வீட்டில் கீழே தறி இருந்ததுபோல் இங்கே முன்கட்டில் குழித்தறி. தறியில் உட்கார்ந்தவர் பெயரில்தான் எல்லாக் கணக்கும். ஆனால் ஒரு பாவு துணியாக எத்தனை கை வேண்டும்? சிட்டத்தைப் பிரித்து ராட்டையில் தார் சுற்றுவது பெண்களும் குழந்தைகளும். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது வீடு மொத்தமும் வெளியே நிற்கும். இழை அறுந்தால் பிணைப்பது, பாவு புணைப்பது எல்லாம் கூலிக் கணக்கில் தனி வரியாக வருவதில்லை. மார்கரெட்டின் செருப்பு வேலைக்காவது வாரம் 4 டாலர் என்று ஒரு தொகை எழுத்தில் இருக்கிறது. தார் சுற்றிய நம் பாட்டிகளுக்கு அதுவும் இல்லை. கணவனின் கூலிக்குள் அவர்கள் உழைப்பு கரைந்துபோனது.

கடனும் அப்படியே. ஹென்டர்சன் அம்மையார் கொடுத்தது கைமாற்று. இங்கே நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளி கொடுத்த முன்பணம் நெசவாளியைக் கட்டிப்போட்டது. வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் புதியவர் பழைய கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். ஒரு நெசவுக் குடும்பம் ஏன் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போனது என்ற கேள்விக்கு இந்த முன்பணத்தில் பல நேரம் விடை கிடைக்கும்.

ஆண்ட்ரூ கார்னகி 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு ரயிலும் தந்தியும் சீராக்கும் வேலையில் இருந்தார். அதே போர் அமெரிக்கப் பஞ்சு கப்பலேறாமல் தடுத்தது. விளைவாக இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறி, கோயம்புத்தூர் விவசாயி கையில் காசு புரண்டது. நூல் வாங்கி நெய்தவருக்கு அதுவே சுமை. 1862இல் போத்தனூர்வரை ரயில் வந்தது. பஞ்சு போன அதே வழியில் சீமை நூலும் சீமைத் துணியும் வேகமாக உள்ளே வந்தன. தறிக்கு வசூலித்த மொகதர்பா வரி 1861இல் நீங்கியது ஒரு சிறு ஆறுதல். பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தில் மக்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. ஆகவே பட்டினி நெசவாளி வீட்டுக்கு முதலில் வரும்.

இந்த வீடுகளின் கதையை எந்த ஆவணத்தில் தேடுவது? அமெரிக்காவில் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவர் பெயரும் வயதும் பிறந்த இடமும் பதிவாயின. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன. அடிமைகளுக்கு அந்தத் தாளில் பெயர் கிடையாது, உடைமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும் மட்டும். ஸ்காட்லாந்தில் 1855இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமானது. அங்கே திருமணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடும் சேர்த்தே ஆவணத்தில் எழுதுவார்கள். ஆகவே தாய்வழியைத் தொலைக்காமல் பல தலைமுறை பின்னோக்கிப் போகலாம். நம் நாட்டில் 1871இல் தொடங்கிய கணக்கெடுப்புகளில் வீடுவாரியாக எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. கூட்டிப் பெருக்கிய அட்டவணை மட்டும் மிஞ்சியது. 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் ஊரும் பயிரும் வரியும் விரிவாக உண்டு, வீடு இல்லை.

இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. 1860களின் நடுவிலிருந்து பத்திரப் பதிவு இருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தையும் அடமானப் பத்திரத்தையும் நிதானமாகப் படித்தால் தகப்பன் பெயர், சாதி, தொழில், குடியிருக்கும் ஊர், நான்கெல்லையில் பக்கத்து வீட்டுக்காரர், சாட்சி, எழுதியவர் என்று ஒரு தெருவே எழுந்து நிற்கும். எந்த அவசரத்துக்குக் கடன் வாங்கினார்கள் என்றுகூடப் பல பத்திரங்கள் சொல்லும். விதவையான பெண்கள் தங்கள் பெயரில் விற்றதும் வாங்கியதும் அங்கே வரும். அவிநாசியப்பர் கோயில் கல்வெட்டைப் படிக்க ஆள் வருகிறார்கள். பதிவு அலுவலகத்துப் பழைய பத்திரத்தை வில்லங்கத்துக்காக அன்றி யாரும் புரட்டுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். மொய் நோட்டு இன்னொரு புதையல். எந்த ஊரிலிருந்து எந்த உறவு வந்து எவ்வளவு எழுதியது என்பதில் ஒரு குடும்பத்தின் சொந்தபந்த வரைபடமே இருக்கிறது. செய்முறை தீர்ந்ததும் பழைய காகிதக்காரருக்குப் போடுகிறோம். கூட்டுறவுச் சங்கத்துக் கூலிப் புத்தகங்களுக்கும் அதே கதி.

கோயம்புத்தூருக்கும் அவிநாசிக்கும் இடையிலான சாலையில் இந்தக் கதையின் அடுத்த கட்டம் நடந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்கையெடுத்த நூற்பாலை நகரில் வந்தது. 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி ஆலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழும்பின. முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள் பஞ்சு வணிகம் வழியே ஆலை முதலாளிகள் ஆயின. பீளமேடு கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு வைத்தது கொங்கு அறிந்த செய்தி, பி.எஸ்.ஜி. கல்விநிலையங்கள் அதன் கொடை. கார்னகியும் தந்தையின் ஊருக்கு நூலகம் கொடுத்தார். 1881இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தாய் மார்கரெட். இந்தக் கொடைகள் உண்மையானவை, அவற்றால் படித்தவர்கள் இலட்சக்கணக்கானோர்.

ஆனால் இதே வரலாற்றில் 1892உம் இருக்கிறது. கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளிகள் நின்றபோது, கம்பெனி கூலிப்படையை இறக்கியது; இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சார்ட்டிஸ்ட் நெசவாளியின் மகன் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். இங்கே அவிநாசி சாலையில் சின்னியம்பாளையத்தில் ஆலைத் தொழிலாளிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் ஆலைத் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள். ஆலைக்குள் போன எத்தனையோ ஆயிரம் குடும்பங்களில் பெயர் பொதுநினைவில் நின்றவை மிகச் சில. அவையும் சாவு வழியே. உயிரோடு வேலை செய்து, நூல் தூசியில் இருமி, பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளின் வரலாறு எழுதப்படவில்லை.

சோமனூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர்ப் பக்கம் விசைத்தறி வந்த பிறகு பல வீடுகளில் குழித்தறியின் குழியை மூடினார்கள். திருப்பூர் பின்னலாடை இளையவர்களை இழுத்துக்கொண்டது. குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்களும் அவர்களுக்குத் தார் சுற்றியவர்களும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போகிறவர்கள் குலத்தையும் கோத்திரத்தையும் கடைசியாகக் கேட்கட்டும். வீட்டில் எத்தனை தறி, நூல் யாருடையது, முன்பணம் எவ்வளவு, அதை அடைத்தீர்களா, வேறு முதலாளி எடுத்துக்கொண்டாரா, கல்யாணமாகி வந்த முதல் வாரமே ராட்டையில் உட்கார்ந்தீர்களா, பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்புவரை தார் சுற்றினீர்கள், அந்தக் குழியை எந்த வருஷம் மூடினீர்கள், மூடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதிலிருந்து தொடங்கலாம். கேட்பதை அம்மாயியிடமும் அப்பத்தாவிடமும் தனித்தனியே, ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது. பதிலைத் தேதியிட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.